ஓட்டை இல்லாத தொட்டி

என் தங்கை சுதா கல்யாணமாகிப் போன வீட்டில் ஒரு ரப்பர் செடி இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். செடி மேல் கோபமில்லை. அது வாயில்லாத ஜீவன், என்ன செய்யும். அது உட்கார்ந்திருந்த தொட்டி மேல் கோபம். அந்தத் தொட்டியில் தண்ணீர் ஊற்றியவர்கள் அத்தனை பேர் மேலும் கோபம்.

மாப்பிள்ளை மோகன் வீட்டார் திருமுல்லைவாயிலில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைத்தவர்கள். நிலத்தை பில்டரிடம் கொடுத்துவிட்டு, அதே நிலத்தின் மேல் எழும்பிய கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாண மேடையில் கட்டும் அரசங்கிளையை, அதை அரசாணிக்கால் என்பார்கள், மறுநாள் வீட்டுக்குப் பின்னால் மண்ணில் ஊன்றிப் புது மருமகளைத் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். கிளை துளிர்த்தால் குடும்பம் துளிர்க்குமாம். இப்போது வீட்டுக்குப் பின்னால் லிஃப்ட்தான் இருக்கிறது. லிஃப்டிலா ஊன்ற முடியும்?

மோகனின் அம்மா தாயம்மாள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். நர்சரிக்குப் போய், வீட்டுக்குள் வைக்கிற மாதிரி அரச மரம் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். நர்சரிக்காரர் ஒரு ரப்பர் செடியைக் காட்டி, "இது அரசுக்குப் பங்காளிம்மா" என்று சொல்லிவிட்டார். அவ்வளவு போதாதா அத்தைக்கு? செடி ஒரு முழ உயரம். அதற்கு அவர் வாங்கிய தொட்டி என் முட்டிக்கு மேலே வந்தது. வெள்ளைப் பீங்கான், விளிம்பில் தங்கக் கோடு, அடியில் ஓட்டை கிடையாது. சின்னத் தொட்டியில் வைத்தால் வருகிறவர்கள் கஞ்சம் என்று பேசுவார்களாம். ஓட்டை இருந்தால் புது டைல்ஸில் கறை படியுமாம்.

சுதா வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்து விளக்கேற்றிய கையோடு, அந்தப் பெரிய தொட்டியில் அந்தச் சின்னச் செடியை வைத்தாள். அப்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அப்பன் சட்டையை மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. புதுச் சம்பந்தம், முதல் நாளே வாயைக் கொடுப்பானேன் என்று சும்மா இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் சுதா குளித்துவிட்டு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மழையோ வெயிலோ ஒரு சொம்பு. முதல் வருஷத்திலேயே அடி இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. இலை விழுந்தால் அத்தை அதை எடுத்துச் சுதா கண்ணில் படுகிற மாதிரி டைனிங் டேபிளில் வைப்பார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். இரண்டாவது வருஷம் சுதாவுக்கு நாலாவது மாதத்தில் கரு கலைந்தது. அதற்குப் பிறகு வாயைத் திறந்தே சொல்ல ஆரம்பித்தார்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. சுதா எதையும் சொல்கிற பெண் இல்லை. எங்களுக்கு அம்மா இல்லை, அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், இருப்பது நான் ஒருத்திதான். என்னிடமே சொல்ல மாட்டாள். ஃபோன் செய்தால் "நல்லாகீறேன்க்கா" என்பதோடு முடித்துக்கொள்வாள். அப்புறம் அதையும் எடுக்காமல் விட்டாள். எனக்குச் சந்தேகம் தட்டியது. மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாத்துக்குடிப் பையோடு கொரட்டூரில் ரயிலேறித் திருமுல்லைவாயிலில் போய் இறங்கினேன்.

கதவைத் திறந்த சுதா என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத் திரும்பப் போய்த் தொட்டி முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள். செடியில் மூன்று இலைதான் மிச்சம். ஈரத் துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஓரத்துல மஞ்சளா கீதானு பாரு, அக்கா. இல்ல, எனக்குத்தான் அப்டி தெரியுதா?"

"நீ ஏன்டி இப்டி எளச்சு போய்கீற?"

அவள் துணியை அடுத்த இலைக்கு நகர்த்தினாள். தாயம்மாள் அத்தை காபியோடு வந்தார். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, வெயிலடிக்கிறது மழை பெய்கிறது என்று சொல்கிற தோரணையில் சொன்னார்.

"இவ கைக்குச் செடியே தங்கல கஸ்தூரி. வயித்துல மட்டும் எப்டி தங்கும்? நான் கோச்சிகினு சொல்லல. உள்ளதச் சொல்றேன்."

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பிழைப்பு நடத்துகிறவள். அன்றைக்குக் கத்தாமல் சுதாவைப் பார்த்தேன். அந்தப் பேச்சுக்கு அவள் முகம் சுண்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் ஆமாம் என்பது போல இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் என்னை எரித்தது.

காபியைக் கையில் வைத்துக்கொண்டே அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனார் பக்தவத்சலம் டிவி முன்னால் நாற்காலியில் இருந்தார். பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பாதி டம்ளர் தண்ணீர் குடித்தார். மீதியை, கண்ணை டிவியிலிருந்து எடுக்காமலே, கையை நீட்டித் தொட்டியில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் மோகன் எழுந்து வந்தார். ஆபீஸ் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, "நேத்து தண்ணி" என்று சொல்லிவிட்டுத் தொட்டியில் கவிழ்த்தார். அப்புறம் அத்தை பூஜை அலமாரியிலிருந்து பழைய பூவையும் சாமி சொம்புத் தண்ணீரையும் கொண்டுவந்தார். பூவை மண்ணில் செருகித் தண்ணீரை அதன் மேல் ஊற்றினார்.

"அத்தே, சாமி தண்ணிய ஏன் இதுல ஊத்துறீங்க?"

"சாமி தண்ணியக் கால் படாத எடத்துலதான ஊத்தணும்? பிளாட்ல கால் படாத எடம் வேற எங்க கீது?"

பிறகு சுதா எழுந்தாள். காலையில் ஊற்றவில்லையாம், நான் வந்ததில் மறந்துவிட்டாளாம். சொம்பை எடுத்து வந்து பக்தியோடு, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஊற்றினாள்.

ஊற்றியது நாலு கை. பழி ஒரு கைக்கு. அந்த வீட்டில் யாருக்கும் இது உறைக்கவில்லை, சுதாவுக்கும்கூட.

நான் காபியைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டிக்குள் விரலை விட்டேன். விரல் சேற்றில் இறங்கும் மாதிரி அடிவரை இறங்கியது. முகர்ந்து பார்த்தால் சாக்கடை நாற்றம். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. செடியின் அடித்தண்டைப் பிடித்து இழுத்தேன். பலமாகக்கூட இழுக்கவில்லை. பிடிமானமே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அது இருந்த குழியில் கறுப்புத் தண்ணீர் மேலே ஏறி வந்தது.

"பாருங்க. எல்லாரும் வந்து பாருங்க" என்றேன். வேரைத் தூக்கிக் காட்டினேன். கறுத்து, கொழகொழத்து, தொட்டால் தோல் தனியாக வழுக்கிக்கொண்டு வந்தது. "இது இவ கையால அழுவல. நீங்க நாலு பேரும் ஊத்தி ஊத்தி அழுவ வெச்சிகீறீங்க. இத்தனூண்டு வேரு எவ்ளோ தண்ணி குடிக்கும்? குடிச்சது போக மீதி எங்க போவும்? ஓட்ட கீதா இதுல? அண்டா மாரி ஒண்ண வாங்கி வெச்சிகினு, அதுல கொளத்தயே ரொப்பி வெச்சிகினு, எந்தங்கச்சி கை சரியில்லனு சொல்றீங்களா?"

மாமனார் டிவியை நிறுத்தினார். மோகன் வாசலைப் பார்த்தார், பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்குமோ என்று. தாயம்மாள் அத்தை என் பேச்சில் ஒரு வார்த்தையையும் காதில் வாங்கவில்லை. என் கையிலிருந்த செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைப் பொத்திக்கொண்டு, "புடுங்கிட்டியே" என்றார். "கல்யாணச் செடிய, சுமங்கலி வெச்ச செடிய, ஊட்டுக்குள்ள வந்து வேரோட புடுங்கிட்டியேடி."

நான் அவருக்குப் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சுதா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி இரும்பாக இருந்தது. அவள் கத்தவில்லை, அழவும் இல்லை.

"அக்கா, எனக்கு நாள் தள்ளிப் போய்கீது. யாருக்கும் சொல்லல. ஒரு இலை விட்டதும் சொல்லலாம்னு இருந்தேன்."

மோகனுக்கே அப்போதுதான் தெரியும். அவர் "சுதா" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார். நான் அழுகின வேரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த ஹாலின் நடுவில் நின்றேன். வேரிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டி, அவர்கள் இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய டைல்ஸில் விழுந்துகொண்டிருந்தது.

தாயம்மாள் அத்தைதான் முதலில் பேசினார். அவர் குரலில் இப்போது கோபம்கூட இல்லை, பயம்தான் இருந்தது. "அந்தச் செடிக்கு இன்னா ஆனாலும் சரி, இவ வயித்துக்கு இன்னா ஆனாலும் சரி, நீதான் பதில் சொல்லணும். புடுங்கினது நீ."

"செடிக்கும் வயித்துக்கும் இன்னா சம்பந்தம்? மோகன், நீங்களாவது சொல்லுங்க. படிச்சவர்தான நீங்க?"

மோகன் கீழே பார்த்தபடி, "அம்மா மனசு கஷ்டப்படுதுக்கா" என்றார். அடேங்கப்பா என்று இருந்தது எனக்கு. பெண்டாட்டி மனசு எங்கே போயிற்றாம்?

"சுதா, நீ கெளம்பு. புள்ள பொறக்குற வரைக்கும் என் ஊட்ல இரு" என்றேன்.

அவள் தலையாட்டி மறுத்தாள். ஒரு பழைய நியூஸ் பேப்பரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "என்னிய இட்டுகினு போவாத. இத்த எட்துகினு போ. இத்தப் பொயைக்க வை அக்கா. உன் கால்ல வேணா வுழுறேன்."

தங்கையை அழைத்து வரப் போனவள் ஒரு செத்த செடியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு ரயிலேறினேன். அம்பத்தூரில் ஏறின பெண் ஒருத்தி பொட்டலத்தைப் பார்த்து, "இன்னா கீரையா?" என்று கேட்டாள். நான் முறைத்த முறைப்பில் வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

எனக்குச் செடி வளர்க்கத் தெரியும் என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். கொரட்டூரில் என் வீட்டு ஜன்னலோரம் நான் கொன்ற செடிகள் கொஞ்சநஞ்சமில்லை. கொன்று கொன்றுதான் இரண்டு விஷயம் மண்டையில் ஏறியது. தொட்டியில் வேர்க்கட்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் மிச்சம் இருந்தால் போதும். பெரியதாக இருந்தால் வேர் எட்டாத மண்ணில் தண்ணீர் தேங்கி நின்று, மெல்ல வேருக்கே வந்து சேரும். அப்புறம், தண்ணீருக்கு நாள் கிழமை கிடையாது. விரலை விட்டுப் பார்த்து, மேல் மண் காய்ந்திருந்தால் அடி ஓட்டையில் வழிகிற வரை ஊற்ற வேண்டும். ஈரமாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் நம் ஆட்களுக்கு வராதே. யார் வீட்டுக்குப் போனாலும் இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி என்று போட்டே பழகினவர்கள்.

அழுகின வேரையெல்லாம் கத்தரித்து எறிந்தேன். கத்தரித்த பிறகு மிச்சம் இருந்தது என் உள்ளங்கைக்குள் அடங்கியது. அதற்குத் தகுந்த மாதிரி சாம்பார் கிண்ணத்தைவிடக் கொஞ்சம் பெரிய மண்தொட்டி ஒன்று இருந்தது. அடி ஓட்டை மேல் ஓட்டுச் சில்லை வைத்து, மணல் கலந்த மண்ணைப் போட்டு, செடியை நட்டு, நேர் வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் படுகிற இடத்தில் வைத்தேன். என் கோபத்துக்கு அந்தத் தொட்டியை ஓங்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் மண்ணை விரலால் பூப்போல அமுக்கிக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து தினமும் சுதா ஃபோன் செய்தாள். நான் செய்தால் எடுக்காதவள் தானாகவே செய்தாள். "இலை எத்தன கீது?" என்பாள். வாந்தி எப்படி இருக்கிறது, டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்டால், "அதெல்லாம் சரி, இலை?" என்பாள். வயிற்றில் இருப்பதைத் திருமுல்லைவாயிலில் வைத்துக்கொண்டு, அதன் நலத்தைக் கொரட்டூரில் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் ஒரு இலை விழுந்தது. இது நடக்கும் என்று எனக்குத் தெரியும். வேரை வெட்டினால் செடி பாரத்தைக் குறைத்துக்கொள்ளும். தெரிந்தும், அந்த இலையைத் தரையில் பார்த்ததும் குனிந்து எடுத்து முந்தானையில் மறைத்துக்கொண்டேன். என் வீட்டில், நான் தனியாக இருக்கும்போது, யாருக்கு மறைத்தேன்? அன்றைக்கு சுதா கேட்டபோது, "மூணும் அப்டியே கீது" என்று புளுகினேன். ஃபோனை வைத்துவிட்டு என்னையே கண்டபடி திட்டிக்கொண்டேன். நம்பாதவள் நான். நம்பாத என்னையே இந்தத் தாயம்மாள் ஒரே வார்த்தையில் அந்த இலைகளோடு கட்டிப் போட்டுவிட்டார்.

அதன் பிறகு இன்னொன்றும் விழுந்தது. குச்சியும் ஒரு இலையுமாகச் செடி நின்றது. வேலைக்குக் கிளம்பும் முன் அதைப் பார்ப்பேன், வந்ததும் செருப்பைக் கழற்றாமல் அதைத்தான் பார்ப்பேன். தண்ணீர் ஊற்றக் கை பரபரக்கும். ஒரு வாய், ஒரே ஒரு வாய் ஊற்றினால் என்ன என்று தோன்றும். விரலை விட்டுப் பார்ப்பேன், ஈரம் இருக்கும், சொம்பைக் கீழே வைத்துவிடுவேன். அப்படி நிற்கும்போதெல்லாம் எனக்குத் தாயம்மாள் அத்தையை நினைத்துக் கோபம் வரும். அவருக்கும் ஒரு வேளை இப்படித்தான் கை பரபரத்திருக்கும் என்று நினைப்பு வந்து, அந்த நினைப்பின் மேலேயும் கோபம் வரும்.

சுதாவுக்கு நாலாவது மாதம் ஓடியபோது நான் ராத்திரி தூங்கவில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலு தாண்டி ஐந்து பிறந்து நாலைந்து நாள் கழித்து, செடியின் உச்சியில் சிவப்பாக ஊசி போல ஒரு மொட்டு நீட்டிக்கொண்டிருந்தது. ரப்பர் செடியின் புது இலை அப்படித்தான் வரும், சிவப்பு உறைக்குள் சுருட்டிக்கொண்டு. நான் ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். சுதா உடனே கூப்பிட்டாள். அழுகிற சத்தம் மட்டும் வந்தது. சரி, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

ஏழாவது மாதம் மோகன் வீட்டில் வளைகாப்பு வைத்தார்கள். முடிந்ததும் சுதாவை நான் பிரசவத்துக்குக் கொரட்டூருக்கு அழைத்து வருவதாகப் பேச்சு. செடியைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்று தாயம்மாள் அத்தை சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குள் அதில் நாலு இலை வந்துவிட்டது, உச்சியில் ஐந்தாவது இலைக்கான மொட்டு. ஒவ்வொன்றும் எண்ணெய் தடவினது போல மினுமினுத்தது. புடவை கசங்கினாலும் பரவாயில்லை என்று மடியிலேயே வைத்துக் கொண்டுபோனேன்.

வீடு நிறையப் பெண்கள். சுதா கன்னத்தில் சந்தனம் பூசிக் கை நிறைய வளையலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல இருந்தது, பார்க்கக் கண் நிறைந்தது. அத்தை என் கையிலிருந்து செடியை வாங்கி அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்தார். சின்ன மண்தொட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார், சுதாவுக்குக் காட்டின ஆரத்தியை அதற்கும் காட்டினார். பக்கத்து பிளாட் நாகம்மா, "நல்லா தழைச்சு வந்துகீதே" என்று தொட்டுப் பார்த்தார்.

"தழைக்காம?" என்றார் அத்தை. "பெரியவ கை ராசி அப்டி. அன்னைக்கு வேரோட புடுங்கினாளேனு எனக்கு வயிறே எரிஞ்சுது. இப்ப நெனச்சா, ஆத்தாதான் இவ ரூபத்துல வந்து புடுங்கிகினு போய்கீறா. கை மாறினதும் பாரு, இலையும் வந்துச்சு, வயித்துலயும் தங்கிச்சு. மொதல்லயே இவ கையில குட்த்து இருந்தா அந்த மொத புள்ளயும் தங்கி இருக்கும். சின்னதுக்குக் கை சரியில்ல, அவ இன்னா பண்ணுவா பாவம்." பிறகு சுதாவின் பக்கம் திரும்பி ஆசையாகவே சொன்னார். "நீ மட்டும் இத்தத் தொடாதம்மா. ஒங்கக்காவே பாத்துக்கட்டும்."

இத்தனை மாதம் நான் செய்த வேலை என்ன என்று அப்போதுதான் புரிந்தது. செடி செத்திருந்தால்கூடச் சந்தேகத்தின் பலன் சுதாவுக்குக் கிடைத்திருக்கும். பிழைக்க வைத்து, அவள்தான் முதல் பிள்ளையைக் கொன்றவள் என்று நானே ஊரைக் கூட்டி நிரூபித்துக் கொடுத்துவிட்டேன்.

"கை இல்ல, அத்தே" என்றேன். "தொட்டி. தொட்டிதான் மாறிச்சு. தண்ணிய அளவா ஊத்தினேன். அவ்ளோதான்."

பெண்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, நான் அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

"தொட்டியா?" என்றார் அத்தை. "இங்க ஊத்தினதும் தண்ணிதான், கொரட்டூர்ல ஊத்தினதும் தண்ணிதான். செடியும் அதே செடி. இவ ஊத்தினா சாவுது, நீ ஊத்தினா பொயைக்குது. பின்ன கை இல்லாம இன்னா?"

நான் ஓட்டையைப் பற்றிச் சொன்னேன், வேரைப் பற்றிச் சொன்னேன், மாமா ஊற்றின மாத்திரைத் தண்ணீரைப் பற்றியும் சொன்னேன். குரல் ஏறிக்கொண்டே போனது. யாரோ என் கையில் ஒரு தட்டுப் புளிசாதத்தைத் திணித்து, "சாப்டும்மா, மொதல்ல" என்றார்கள். மோகன் கதவோரம் நின்று வாழையிலைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தத் தட்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

அப்போது வளையல் சத்தம் கேட்டது. சுதா நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்திருந்தாள். ஸ்டூல் பக்கம் திரும்பினாள். செடியின் உச்சியில் சிவப்பாக நீட்டிக்கொண்டிருந்த மொட்டை இரண்டு விரலால் பிடித்துக் கிள்ளினாள். பட்டென்று ஒடிந்தது. ஒடிந்த இடத்தில் வெள்ளையாகப் பால் கோத்துக்கொண்டு தண்டில் வழிந்தது. நாகம்மா, "ஐயோ, இன்னா காரியம்" என்றார். சுதா நிற்கவில்லை. கீழே இருந்த பெரிய இலையையும் காம்போடு ஒடித்தாள், அதற்கடுத்ததையும் ஒடித்தாள். பால் அவள் விரலெல்லாம் வழிந்து புது வளையலில் ஒட்டியது.

தாயம்மாள் அத்தை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். அந்தக் கையைத்தான் சுதா பிடித்தாள். பிசுபிசுத்த விரலால் மணிக்கட்டைப் பற்றி இழுத்து, தன் வயிற்றின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நான்தான் ஒடிச்சேன் அத்தே. இந்தக் கையாலதான். உள்ள இன்னா ஆவுதுனு பாருங்க."

அத்தை கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். சுதா விடவில்லை. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அத்தையின் கை ஒரு குலுங்கு குலுங்கியது. எனக்கே தெரிந்தது, புடவைக்கு மேலேயே தெரிந்தது.

"ஒதைக்குதா?"

அத்தை தலையை ஆட்டினார்.

"அப்ப மொத புள்ள போனதுக்கு என் கை காரணம் இல்லனு சொல்லுங்க. இவங்க எல்லாரும் கேக்கட்டும்."

அத்தை அவள் வயிற்றைப் பார்த்தார், சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார். கீழே எங்களைக் கொரட்டூருக்கு அழைத்துப் போக வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். மோகன், "சுதா, வண்டி வந்துச்சு" என்றார். சுதா திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கையையும் விடவில்லை.